இருநூற்றுப் பதினொன்றாம் பக்கம்

மாவட்ட நூலகத்து 'உவர்நாடு' மூன்றாம் பாகத்தில்
ஒரு தாள் இல்லை.
இருநூற்றுப் பத்தில் உமரி ராணி
மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்குகிறாள்.
இருநூற்றுப் பதின்மூன்றில் ஏறி வருகிறாள்,
தலை முழுக்க நரைத்து.
நடுவில் கிழிந்த விளிம்பு மட்டும்,
சுறா கடித்த வலை மாதிரி.

வேறு பிரதி கிடைக்காமலில்லை.
ராமநாதபுரம் போகும்போதெல்லாம்
புத்தகக்கடை வாசல்வரை போய்த் திரும்பிவிடுவேன்.
அந்தத் தாளை நானே எழுதி வைத்திருந்தேன்,
ஐஸ் கம்பெனிக் கணக்கு நோட்டின் பின்பக்கம்,
பதினோரு வருஷத்தில் நாலு விதமாக.

படமாக எடுக்கிறார்கள் என்றதும்
பாம்பனில் எங்களுக்குத் தூக்கம் போயிற்று.
எங்களுக்கு என்றால், நாலைந்து பேருக்கு.
ராணியாக நடிப்பவளின் படம் வந்த ராத்திரி
ஆஸ்டின் தன் வள்ளத்தில் எழுதிய 'உமரி'யைச்
சுரண்டப் போனான்.
"பெயின்ட் கடனே இன்னும் அடையல"
என்று பொண்டாட்டி தடுத்தாள்.
கீழக்கரையிலிருந்து ஹம்சத் நிஷா போனில் அழுதாள்:
நண்டுப்படைக்குப் பாட்டு வைக்கிறார்களாம்.
"ராணிக்கு மட்டும் டூயட் வைக்கட்டும்,
திரையைக் கிழிக்கிறேனா இல்லையா பார்"
என்றது, எறும்பைக் கண்டால் ஒதுங்கிப்போகும்
ரயில்வே இருளப்பன்.

நான் ஒன்றும் பேசவில்லை.
எழுதியவர் ராணிக்கு முகமே எழுதவில்லை.
வற்றுநீர் போல வந்தாள் என்பதோடு சரி.
அதனால் ஒரு முகத்தை நானே ஒட்டிக்கொண்டேன்,
சின்னப்பாலத்துப் பாசிக்காரி முத்துராக்குவின் முகத்தை.
விரல் பத்திலும் துணிச்சுற்று,
சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை,
நெற்றியில் கண்ணாடி அழுத்திய வளையம்.
அவளிடம் சொன்னதில்லை.
பைத்தியம் என்று நினைப்பாள்.

மாசியில் தெற்குவாடிப் பக்கம்
ஜெனரேட்டர் லாரிகள் வந்து நின்றன.
ராணியாக நடிப்பவளுக்கு உப்புத்தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாம்.
மூச்சுப்பிடிக்கத் தெரிந்த ஒரு பெண் வேண்டும்,
முதுகு மட்டும், முகம் வராது,
நாளைக்கு இரண்டாயிரம்.

முத்துராக்குவைக் கூட்டிப் போனார்கள்.

அன்றைக்கு ஐஸ்கட்டி எண்ணிக்கை
எனக்கு மூன்று தடவை தப்பியது.
சாயங்காலம் ஈரத்தலையோடு வந்தாள்,
கிரீடம் அழுத்திய நெற்றிக்கு
ஒரு துண்டு ஐஸ் கேட்டு.

"என்ன சீனு?"
"கறுப்பு முடியோட இறங்கணும்.
பெறகு வெள்ளை டோப்பா மாட்டிட்டு ஏறணும்."

அதே தாள்.
பதினோரு வருஷமும் என் தொண்டையில் வந்து நின்றது.

"கீழ என்ன இருந்துச்சு?"

"பச்சைத் துணி.
எதுத்தாப்புல என்னமோ இருக்குன்னு
நெனச்சுப் பாக்கணுமாம். நான் எதை நெனைக்க?
ஆனா துணிக்கு அந்தாண்ட பாறையில
நல்ல மரிக்கொழுந்துப் பாசி, ஆள் கைபடாதது.
கை சும்மா இருக்குமா?
ஒரு பிடி பிடுங்கி இடுப்புல செருகிட்டேன்.
பாத்தாங்களோ என்னமோ,
ஓகேன்னுட்டாங்க."

ஐஸ் அவள் புருவத்தில் கரைந்து வழிந்தது.
"அந்தம்மா கடைசில சாகுதா?"

முடிவை உடைத்துச் சொல்வது எங்கள் கூட்டத்தில் மகாபாவம்.
"படத்துல பாத்துக்க" என்றேன்.

தீபாவளிக்கு வருகிறது.
ஆஸ்டின் நண்டுகளை எண்ணிப் பார்ப்பானாம்.
எனக்கு ராணியின் நிறம் எப்படியும் போகட்டும்,
நண்டு ஆடினால் ஆடட்டும்.
வெட்டி ஒட்டுகிறவர்கள் யாரும்
இடுப்பில் இருக்கும் அந்த ஒரு பிடிப் பாசியைக்
கம்ப்யூட்டரில் அழித்துவிடக் கூடாது.

தீபாவளி என்றால் அமாவாசை,
அமாவாசை என்றால் பாசிக்கு ஆறு நாள்.
முத்துராக்கு தீவில் இருப்பாள்.
ஏழாம் நாள் மாலைக்காட்சிக்கு
இரண்டு டிக்கெட் சொல்லி வைத்திருக்கிறேன்.
அதுவரை இருளப்பன் எதிரே வந்தால்
காதைப் பொத்திக்கொண்டு
தண்டவாளத்தைத் தாண்டி
அந்தப் பக்கமாக நடக்க வேண்டும்.